மூச்சை இழுத்து விடுங்கள்!

பத்திரிகையைப் பிரித்தால் மன அழுத்தம். கைப்பேசியைத் திறந்தால் மன அழுத்தம். தலைவலி என்று டாக்டரிடம் போனால், நாக்கைக்கூட நீட்டச் சொல்லாமல், "வேலையிலே டென்ஷன் ஜாஸ்தியோ?" என்று கேட்கிறார். கோயமுத்தூரிலிருந்து அவிநாசிக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் சாலையோரத்துப் பலகைகளைப் படித்துக்கொண்டு போகலாம். நகைக்கடை, ஆஸ்பத்திரி, இன்ஜினீயரிங் கல்லூரி. இவற்றுக்கு நடுவே கண்ணை மூடிப் புன்னகை செய்யும் ஒருவருடைய படம், மன அமைதிக்கு அவர் நடத்தும் வகுப்பின் தேதி, கட்டணம்.

இந்த வகுப்புகள் இப்போது ஆலைகளுக்குள்ளும் பனியன் கம்பெனிகளுக்குள்ளும் புகுந்துவிட்டன. 'வேலையிடத்தில் மன அழுத்தம்: புரிந்துகொள்வதும் சமாளிப்பதும்' என்று துணியில் எழுதிக் கட்டிவிட்டால் ஒரு வகுப்பு தயார். முதலாளி கூடத்தைக் கொடுக்கிறார், பேச்சாளர் உபதேசத்தைக் கொடுக்கிறார், தொழிலாளி காதைக் கொடுக்கிறார். இந்த ஏற்பாட்டின் மேல் எனக்குள்ள ஆத்திரத்தைத்தான் இங்கே கொட்டப் போகிறேன். ஆனால் ஒரு வார்த்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். உறக்கம் கெட்டு, மனம் நொறுங்கி, வைத்தியரிடம் போகிறவர்களை நான் கேலி செய்ய வரவில்லை. அவர்கள் போகத்தான் வேண்டும். போவதில் வெட்கப்படவும் ஒன்றுமில்லை. என் சண்டை வேறு ஆசாமிகளோடு.

முதலில் அந்த வார்த்தையைப் பாருங்கள். அழுத்தம் என்றால் அழுத்துகிற பொருள் ஒன்று இருந்தாக வேண்டும். வெல்லமூட்டைக்கு அடியில் ஒருவன் மாட்டிக்கொண்டு முனகினால், மூட்டையைத் தூக்குவோமா, முனகாமலிருக்கப் பயிற்சி கொடுப்போமா? 'மன அழுத்தம்' என்று சொன்ன மாத்திரத்தில் மூட்டை மறைந்துபோகிறது. மனம் மட்டும் மிஞ்சுகிறது. மனம் யாருடையது? தொழிலாளியுடையது. ஆகவே அதைச் சரிசெய்துகொள்ள வேண்டியதும் அவன் பொறுப்பு! எவ்வளவு சௌகரியமான இலக்கணம், பாருங்கள்.

இந்தக் கருத்தை வைத்திய சாஸ்திரத்துக்குள் கொண்டுவந்தவர் ஹான்ஸ் செல்யே என்பவர். கனடாவில் மான்ட்ரியல் நகரத்து மக்கில் சர்வகலாசாலையில் எலிகளை வைத்துச் சோதனை செய்துகொண்டிருந்தவர். 1936-இல் 'நேச்சர்' பத்திரிகையில் ஒரு சின்னக் கடிதம் எழுதினார். குளிரில் வைத்தாலும், காயப்படுத்தினாலும், அளவுக்கு மீறி ஓடவைத்தாலும், விஷமருந்து கொடுத்தாலும் எலியின் உடம்புக்குள்ளே ஒரே மாதிரியான சேதம்தான் நிகழ்கிறது என்பது அவர் கண்டது. வயிற்றில் புண், வீங்கிய அட்ரீனல் சுரப்பி, சுருங்கிப்போன தைமஸ் சுரப்பி. பிற்பாடு இதற்குப் பெயர் வைக்க அவர் பௌதிகத்திலிருந்து ஒரு சொல்லை இரவல் வாங்கினார். நம் பள்ளிக்கூடப் பாடப் புத்தகத்தில் தகைவு என்று ஒன்றும் திரிபு என்று ஒன்றும் படித்திருப்பீர்கள். கம்பியை இழுக்கிற விசையால் உண்டாவது தகைவு. அதனால் கம்பிக்கு நேர்கிற உருமாற்றம் திரிபு. தமக்கு இங்கிலீஷ் இன்னும் கொஞ்சம் நன்றாகத் தெரிந்திருந்தால், தாம் கண்டதற்குத் திரிபு என்றுதான் பெயர் வைத்திருப்பேன் என்று செல்யேயே பின்னாளில் சொன்னதுண்டு. காரணத்தின் பெயரை எடுத்துக் காரியத்துக்குச் சூட்டிவிட்டார். அந்தக் குழப்பத்தில்தான் இன்றைக்கும் இத்தனை பேர் பிழைக்கிறார்கள்.

இன்னொரு சமாசாரமும் உண்டு. செல்யேக்கு சிகரெட் கம்பெனிகள் பணம் கொடுத்து வந்தன என்பது, அந்தக் கம்பெனிகளின் தஸ்தாவேஜுகள் கோர்ட்டு வழக்குகளால் வெளியே வந்தபோது தெரிந்தது. மாரடைப்புக்குக் காரணம் புகையல்ல, மனப் பதற்றம் என்று ஒரு பெரிய மனிதர் சொன்னால் அவர்களுக்குக் கசக்குமா? ஆக, பிறந்த நாள் முதலே இந்தச் சொல்லுக்கு முதலாளிகள் வீட்டில் நல்ல மரியாதைதான். ஆனாலும் அந்த எலிகளை நினைத்துப் பாருங்கள். குளிரில் நடுங்கிய எலிக்கு யாரும் மூச்சுப் பயிற்சி சொல்லித் தரவில்லை. எலி பிழைக்க வேண்டுமானால் குளிரிலிருந்து வெளியே எடுப்பார்கள். எலிக்குள்ள நியாயம் மனுஷனுக்குக் கூடாதா என்பதுதான் என் கேள்வி.

அவிநாசி, கோயமுத்தூருக்கும் திருப்பூருக்கும் நடுவே உள்ள ஊர். ஒரு பக்கம் ஆலைகள், ஒரு பக்கம் பனியன் கம்பெனிகள். 1888-இல் கோயமுத்தூரில் ஸ்டேன்ஸ் மில் வந்தது; 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்தபிறகு ஆலைகள் மளமளவென்று பெருகின; திருப்பூர் பனியன் பிற்பாடு உலகமெல்லாம் போயிற்று. விடிவதற்கு முன்னால் அவிநாசி சாலையில் நின்றால், சேவூர், கருவலூர், தெக்கலூர், பெருமாநல்லூர் என்று நாலா திசையிலிருந்தும் ஆலை வேன்களும் கம்பெனி வேன்களும் வரிசையாகப் போவதைப் பார்க்கலாம். உள்ளே இருக்கும் தலைகள் எல்லாம் ஜன்னல் கம்பியில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருக்கும்.

அந்தப் பக்கத்தில் ஒரு நூற்பாலை. பெயர் வேண்டாம். இலக்கியத்தைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். போய்ப் பார்த்தால் எனக்கு முன்னால் மன அழுத்த வகுப்பு. காலை ஏழரை மணி. கூட்டம் யாருக்கு? இரவு ஷிப்டு முடித்து வந்த பெண்களுக்கு. எட்டு மணி நேரம் ரிங் பிரேமுக்கு முன்னால் நடந்துகொண்டே இருந்து, தலையிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியபடி வந்து, சாப்பாட்டுக் கூடத்து பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள். பேச்சாளர் நல்ல குரல்வளம் உள்ளவர். "கண்களை மூடுங்கள். மூச்சை மெல்ல இழுங்கள்... மெல்ல விடுங்கள்..." என்றார். கண்ணை மூடச் சொன்ன மறு நிமிஷமே பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். பேச்சாளர் அதைத் தியானம் என்று எடுத்துக்கொண்டார். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு!

கூட்டம் கலைந்தபோது நாற்பது வயது மதிக்கத்தக்க அம்மாள் ஒருத்தியிடம், "வகுப்பு எப்படி இருந்ததுங்க?" என்று கேட்டேன். "நல்லாத்தானுங்க சொன்னாரு," என்றாள். கொஞ்சம் தயங்கிவிட்டு, "இந்த ஒரு மணி நேரத்துக்கு ஊட்டுக்குப் போக உட்டிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்குமுங்க. புள்ளையப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிச்சிருப்பனுங்க," என்றாள். அன்றைக்கு இலக்கியத்தைப் பற்றி நான் என்ன பேசினேன் என்பது நினைவில்லை. பேசியிருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

நூற்பாலைக்குள் போய்ப் பார்த்திராத வாசகர்களுக்காகச் சொல்கிறேன். நூல் அறாமலிருக்க வேண்டுமானால் காற்றில் ஈரம் வேண்டும். ஆகவே ஜன்னலைத் திறக்க முடியாது. சத்தத்தில் பக்கத்திலிருப்பவளோடு பேச முடியாது. 'சைடர்' என்று பெயர் வைத்திருக்கும் பெண், தன் பொறுப்பில் உள்ள கதிர்களின் வரிசையில் போய்க்கொண்டும் வந்துகொண்டும், எங்கே இழை அறுகிறதோ அங்கே ஒட்ட வேண்டும். இழை எப்போது அறும் என்று அவளால் சொல்ல முடியாது. எத்தனை கதிர் என்று அவளைக் கேட்டு வைப்பதில்லை. வேகத்தை அவள் கூட்டவோ குறைக்கவோ முடியாது. ஒதுங்கப் போக வேண்டுமானால் மாற்று ஆள் வர வேண்டும். மாற்று ஆள் இருந்தால்தானே வருவதற்கு? பனியன் கம்பெனியில் தையல் மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்தவளுக்கோ, மணிக்கு இத்தனை பீஸ் என்று பலகையில் எழுதி வைத்திருக்கும். அவளுக்கு முன்னால் இருப்பவள் தாமதித்தால் இவளுக்குக் குவியும். இவள் தாமதித்தால் பின்னால் இருப்பவளுக்கு வேலையில்லை. சூப்பர்வைசர் கத்துவது இந்தக் குவியலைப் பார்த்துத்தான்.

இங்கேதான் ஊர்ப் பெரியவர்கள் குறுக்கிடுவார்கள். "அந்தக் காலத்தில் நாங்கள் உழைக்காத உழைப்பா? கோழி கூப்பிடக் கவலை பூட்டினால் வெயில் ஏறுகிற மட்டும் இறைப்போம். எங்களுக்கு எந்த மன அழுத்தம் வந்தது?" என்பார்கள். நல்ல கேள்வி. கொங்கு நாட்டார் கேட்க வேண்டிய கேள்விதான். வேற்று ஜில்லாக்காரர்களுக்கு ஒரு விளக்கம்: எங்கள் பக்கத்தில் கவலை என்றால் மனக் கவலை மட்டுமல்ல, எருதுகளைப் பூட்டித் தோல் பறியால் கிணற்றுத் தண்ணீர் இறைப்பதற்கும் கவலை என்றே பெயர். எருதுகள் வாரியில் இறங்கும்போது வடத்தின் மேல் ஓட்டுகிறவன் உட்கார்ந்துகொள்வான். பறி மேலே வந்து கவிழும். எருதுகள் பின்னாலேயே ஏறும். மறுபடி இறக்கம். உடம்பை முறிக்கும் வேலை. அதில் சந்தேகமே வேண்டாம்.

ஆனால் அந்த வேலைக்குள் என்னென்ன இருந்தன என்று எண்ணிப் பாருங்கள். எருது களைத்தால் நிறுத்தியாக வேண்டும். கிணறு வற்றினால் ஊற்றெடுக்கிற வரை காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் வேப்பமர நிழலில் கட்டையை நீட்டலாம். எந்தப் பாத்திக்கு முதலில் தண்ணீர், எதற்கு நாளைக்கு என்பதை ஓட்டுகிறவனே தீர்மானிப்பான். பாட்டுப் பாடிக்கொண்டே ஓட்டலாம். பாடாதே என்று சொல்ல ஆள் கிடையாது. ஒவ்வொரு இறக்கத்திலும் உட்காரவும் முடிந்தது! மின்சார மோட்டாருக்கு எருதைப் போலக் களைப்பில்லை. அது நிற்க வேண்டுமானால் யாராவது நிறுத்த வேண்டும். நிறுத்துகிற சுவிட்சு சைடரின் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தாலும் அவள் அதிகாரத்தில் இல்லை.

அதற்காகப் பழைய காலத்தைப் பூப்போட்டுக் கும்பிடவும் நான் தயாரில்லை. தோட்டத்தில் கவலை ஓட்டினவர்கள் எல்லாரும் தோட்டத்துக்காரர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். பாதிக் கிணறுகளில் ஓட்டினவன் பண்ணையாள், பெரும்பாலும் மாதாரி. அந்தத் தோல் பறியைத் தைத்தவனும் அவனே. அவனுக்கு நிழலில் சாய உத்தரவு கிடைத்ததா, பாத்தியைத் தீர்மானிக்கிற உரிமை இருந்ததா என்று அவன் பேரப் பிள்ளைகளைக் கேளுங்கள். ஒரே கிணறு, ஒரே வாரி, ஒரே எருது. தோட்டத்துக்காரர் ஓட்டினால் அது உழைப்பு. பண்ணையாள் ஓட்டினால் அது அடிமைத்தனம். அவருக்கு அலுப்பு மட்டும் வந்தது. இவனுக்கு அலுப்போடு வேறு ஒன்றும் வந்தது. அந்த வேறு ஒன்றைப் பற்றித்தான் நாம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

இது என் கற்பனை என்று யாரும் தள்ளிவிட முடியாது. லண்டனில் வைட்ஹால் என்ற இடத்தில் சர்க்கார் காரியாலயங்கள் இருக்கின்றன. அங்கே வேலை பார்த்த 17,000-க்கும் மேற்பட்ட ஆண்களை 1967 முதல் பரிசோதித்துக் கணக்கெடுத்தார்கள். பெரிய உத்தியோகஸ்தருக்குத்தான் பொறுப்பும் பதற்றமும் ஜாஸ்தி, ஆகவே மாரடைப்பும் அவருக்குத்தான் என்பது அது வரைக்கும் எல்லாரும் நம்பின கதை. கணக்கு நேர்மாறாக வந்தது. மைக்கேல் மார்மட் முதலானவர்கள் 1978-இல் வெளியிட்ட முடிவின்படி, கடைசிப் படியிலிருந்த சேவகர்கள் இதய நோயால் சாவது, உச்சிப் படியிலிருந்த அதிகாரிகளைப்போல மூன்று மடங்குக்கும் மேல்! பீடியையும் கொழுப்பையும் கழித்துப் பார்த்தும் வித்தியாசம் போகவில்லை. 1985-இல் பெண்களையும் சேர்த்து இரண்டாம் முறை தொடங்கிய ஆராய்ச்சியில், தன் வேலையைத் தானே நடத்திக்கொள்ளும் அதிகாரம் குறைந்தவர்களுக்கு இதய நோய் கூடுதல் என்று தெரிந்தது. ராபர்ட் கராசெக் என்ற அமெரிக்கர் 1979-லேயே இதைத்தான் எழுதியிருந்தார்: பளு மட்டும் ஆளைத் தின்பதில்லை, பளு அதிகமாகவும் அதிகாரம் குறைவாகவும் ஒரே இடத்தில் சேரும்போதுதான் தின்கிறது. நம் ஊர்ப் பண்ணையாளுக்கும் சைடருக்கும் இதைச் சொல்ல அமெரிக்காவிலிருந்து ஆள் வர வேண்டியிருக்கவில்லை. கேட்கத்தான் ஆளில்லை.

சரி, மூச்சுப் பயிற்சியால் பலனே இல்லையா? தனி மனிதருக்கு இருக்கலாம். கோயிலில் அரை மணி உட்கார்ந்தாலும் பலன் உண்டு. ஆனால் கம்பெனிகள் நடத்துகிற இந்த வகுப்புகளால் தொழிலாளிக்கு என்ன நன்மை என்று ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த ஓர் ஆராய்ச்சியாளர் பார்த்தார். பிரிட்டனில் 233 ஸ்தாபனங்கள், 46,336 பேர். 2024-இல் முடிவு வெளியாயிற்று. வகுப்பில் கலந்துகொண்டவர்களுக்கும் கலந்துகொள்ளாதவர்களுக்கும் மன நலத்தில் சொல்லும்படியான வித்தியாசம் எதுவும் இல்லை. தருமகாரியங்களில் தொண்டு செய்ய அவகாசம் கொடுத்தது ஒன்றுதான் ஏதோ கொஞ்சம் பலன் தந்ததாம்.

இனி மணிக்கணக்குக்கு வருகிறேன். மூட்டையில் அதுதான் பெரிய எடை. 1922-ஆம் வருஷச் சட்டம் ஆலைத் தொழிலாளிக்கு வாரம் 60 மணி என்றது. 1934-இல் 54 ஆயிற்று. அம்பேத்கர் வைஸ்ராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் இலாகாவைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், 1946-இல், 48-க்கு வந்தது. 1948-ஆம் வருஷத்து ஆலைச் சட்டம் அதையே நிலைநிறுத்தி, நாளைக்கு 9 மணிக்கு மேல் கூடாது, ஐந்து மணி வேலைக்குப் பிறகு அரை மணி ஓய்வு, அதிக நேர வேலைக்கு இரட்டைக் கூலி என்றெல்லாம் வகுத்தது. ஒவ்வொரு மணியும் போராடி வாங்கினது.

திருப்பூர்ப் பக்கத்தில் என்ன நடக்கிறது? 'ஒன்றரை ஷிப்டு' என்று ஒரு கணக்கு. காலை எட்டரைக்குப் போனால் இரவு எட்டரை. இரட்டைக் கூலி எங்கே என்று கேட்டால், "அதுதான் ஒன்றரை ஷிப்டுச் சம்பளம் கொடுக்கிறோமே!" என்பார்கள். பாதி ஷிப்டு வேலைக்குப் பாதி ஷிப்டுச் சம்பளம். இதில் இரட்டை எங்கே வந்தது? ஆறு நாளைக்குக் கூட்டுங்கள். சாப்பாட்டு நேரத்தையும் டீ நேரத்தையும் கழித்தால்கூட 60-ஐத் தாண்டும். உலக சுகாதார ஸ்தாபனமும் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனமும் சேர்ந்து 2021-இல் ஒரு கணக்கு வெளியிட்டன. வாரம் 55 மணிக்கு மேல் உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி உழைப்பவர்களைவிட, பக்கவாத அபாயம் 35 சதவீதமும் இதய நோயால் சாகும் அபாயம் 17 சதவீதமும் அதிகம். நீண்ட நேர உழைப்பால் 2016-இல் மட்டும் உலகத்தில் 7,45,000 பேர் செத்திருக்கிறார்கள். இப்படியிருக்க, இளைஞர்கள் வாரம் 70 மணி உழைக்க வேண்டும் என்று 2023-இல் இன்போஸிஸ் நாராயணமூர்த்தி சொன்னார். 2025 ஜனவரியில் லார்சன் அண்டு டூப்ரோ தலைவர் 90 மணிக்குப் போய்விட்டார். இவர்கள் வீட்டில் சமைப்பது யார், துணி துவைப்பது யார் என்று யாரும் கேட்கவில்லை. சேவூர் அம்மாள் ஒன்றரை ஷிப்டு முடித்துப் போய் உலை வைக்க வேண்டும்.

நம் சட்டசபையும் இதில் சளைத்ததல்ல. 2023 ஏப்ரல் 21-ஆம் தேதி, 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் திருத்த மசோதா தமிழ்நாட்டுச் சட்டசபையில் நிறைவேறிற்று. தொழிற்சங்கங்கள் எல்லாம், ஆளும் கட்சியின் சொந்தச் சங்கம் உள்பட, எழுந்து நின்றன. மூன்றே நாளில் மசோதா நிறுத்தி வைக்கப்பட்டது. மே தினத்தன்று வாபஸ் என்று முதல் மந்திரி ஸ்டாலின் அறிவித்தார். அந்தப் பத்து நாளில் தொழிலாளிகளின் மன அழுத்தத்தைக் குறைத்தது எது? யாரும் மூச்சை இழுத்து விடவில்லை. கொஞ்சம் உரக்க விட்டார்கள், அவ்வளவுதான்.

மன அழுத்த வகுப்பு சாதுவான சங்கதி. அதற்கு ஒரு முரட்டு அண்ணன் உண்டு. 2019-இல் தாம்ஸன் ராய்ட்டர்ஸ் நிருபர்கள் தமிழ்நாட்டு ஆயத்த ஆடைத் தொழிலில் வேலை செய்யும் சுமார் 100 பெண்களிடம் பேசினார்கள். மாதவிலக்கு வலி என்று சொன்னால் வேலையிடத்தில் கையில் ஒரு மாத்திரையைக் கொடுத்துவிடுகிறார்கள் என்று அத்தனை பேரும் சொன்னார்கள். உறை கிடையாது, பெயர் கிடையாது, டாக்டர் கிடையாது. வலிக்கிறவளை அரை நாள் வீட்டுக்கு அனுப்பினால் வரிசை நின்றுபோகும். மாத்திரையைக் கொடுத்தால் வலி நிற்கும், வரிசை ஓடும். பாதிப் பேருக்கு மேல் பிற்பாடு உடம்புக்குக் கெடுதல் வந்தது என்றார்கள். மூச்சுப் பயிற்சிக்கும் இந்த மாத்திரைக்கும் கொள்கையில் என்ன வித்தியாசம்? வேலையைத் தொடாமல் வேலைக்காரியைத் திருத்துகிற கொள்கைதானே இரண்டும்?

சுமங்கலித் திட்டம் என்று ஒன்று நடந்ததையும் மறந்திருக்க மாட்டீர்கள். தென் ஜில்லாக்களிலிருந்து ஏழை வீட்டுப் பெண்களை மூன்று வருஷ ஒப்பந்தத்தில் கூட்டிவந்து, ஆலை விடுதியில் வைத்து, முடிவில் கல்யாணச் செலவுக்கு முப்பதாயிரம், நாற்பதாயிரம் என்று மொத்தமாகக் கொடுப்பது. அவர்கள் கூலியிலிருந்தே பிடித்து வைத்த பணத்தை அவர்களுக்கே சீர் செய்வது! மூன்று வருஷத்துக்கு முன்னால் உடம்பு முடியாமல் திரும்பிப் போனவர்களில் எத்தனையோ பேர் அதையும் முழுசாகப் பார்க்கவில்லை. பெயரைப் பாருங்கள், சுமங்கலி!

இதே அவிநாசியில் ஒரு கதை வழங்குகிறது. சுந்தரமூர்த்தி நாயனார் இந்த ஊர் வழியாக வந்தார். அப்போது இதற்குத் திருப்புக்கொளியூர் என்று பெயர். ஒரு வீட்டில் பூணூல் கல்யாணம், மேளச் சத்தம். எதிர் வீட்டில் அழுகை. விசாரித்தால், இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் ஒன்றாகக் குளத்துக்குப் போனவர்கள். ஒருவனை முதலை விழுங்கிவிட்டது. மற்றவனுக்கு இன்றைக்குப் பூணூல். நாயனார் பெற்றவர்களுக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போகவில்லை. குளக்கரைக்குப் போய், பாடி, முதலையிடமிருந்து பையனைத் திரும்ப வாங்கினார். அதிலும் விழுங்கின வயசில் அல்ல. இடைப்பட்ட வருஷங்களின் வளர்ச்சியோடும் சேர்த்து வந்தான் என்கிறார்கள். அவிநாசியப்பர் கோயிலுக்குப் போகிற ஆலை முதலாளிகள் எல்லாருக்கும் தெரிந்த கதைதான். மூன்று வருஷத்தை விழுங்கக் கொடுத்த பெண்களுக்கு, அந்த வருஷங்களை யார் திருப்பித் தருவது என்று அவர்கள் சந்நிதியில் யோசித்ததுண்டா என்று எனக்குத் தெரியவில்லை.

முதலாளிகள் தரப்பையும் கேட்கத்தான் வேண்டும். "எங்களை யார் விட்டார்கள்? ஐரோப்பாக்காரன் ஒரே தேதியில் சரக்கு வேண்டும் என்கிறான், பீஸுக்கு இரண்டு சென்ட் குறைக்கச் சொல்கிறான், நூல் விலை நித்தம் ஒன்றாக இருக்கிறது," என்பார்கள். உண்மைதான். 2022 மே மாதம் நூல் விலையை எதிர்த்துத் திருப்பூரே கதவடைத்தது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது, தூக்கமில்லாமல் புரண்ட முதலாளிகளை நான் அறிவேன். திருப்பூர் முதலாளிகளில் பலர் அதே மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்து மேலே வந்தவர்கள் என்பதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். வரி போட்டபோது நீங்கள் மூச்சுப் பயிற்சிக்கா போனீர்கள்? டெல்லிக்கல்லவா போனீர்கள்! மந்திரிகளைப் பார்த்தீர்கள், மனுக் கொடுத்தீர்கள், சங்கத்தில் கூடினீர்கள், வட்டிச் சலுகை கேட்டீர்கள். செய்ய வேண்டியது அதுதான். உங்களை அழுத்துவது எது என்று உங்களுக்குத் தெரிந்திருந்தது. அதே காரியத்தை உங்கள் தையல்காரி செய்தால் மட்டும் ஏன் அவளுக்கு மனப் பக்குவம் போதாது என்கிறீர்கள்?

செய்திருக்கிறார்கள். 1984-இல் திருப்பூர்ப் பனியன் தொழிலாளிகள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கேட்டது பஞ்சப்படி. அரிசி விலை ஏறினால் கூலியும் ஏற வேண்டும் என்பது அதன் அர்த்தம். மன அழுத்தத்துக்கு அவர்களிடம் இருந்த பெயர் அது. 2022 ஏப்ரலில் திண்டுக்கல் பக்கத்து ஆடைத் தொழிற்சாலை ஒன்றுக்காக ஓர் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அதற்கு முந்தின வருஷம் அங்கே வேலை செய்த இளம்பெண் ஒருத்தி மேற்பார்வையாளனால் கொலையுண்டு போனாள். அதற்குப் பிறகு, பெண்களே நடத்தும் ஒரு தொழிற்சங்கம் வெளிநாட்டுக் கம்பெனிகளையும் உட்காரவைத்து எழுதி வாங்கிய ஒப்பந்தம் அது. தையல் வரிசைகளில் வேலை செய்யும் பெண்களிலிருந்தே கண்காணிப்பாளர்களைப் பொறுக்கி, கத்துகிறவனையும் கை நீட்டுகிறவனையும் பற்றிப் புகார் செய்ய வழி வைத்தார்கள். புகார் செய்தவளைப் பழிவாங்கக் கூடாது என்றும் எழுதினார்கள். சூப்பர்வைசர் கத்தாமலிருந்தால் எத்தனை பேருக்கு ரத்தக் கொதிப்பு இறங்கும் என்பதை எந்தப் பேச்சாளரும் வகுப்பில் சொல்லக் காணோம்.

ஆலைக்காரர்கள் என்னிடம் யோசனை கேட்கப் போவதில்லை. கேட்டால் சொல்வேன். இரவு ஷிப்டு முடிந்தவளை வீட்டுக்கு அனுப்புங்கள். ஒவ்வொரு ஷிப்டுக்கும் இரண்டு பதிலி ஆள் அதிகம் போடுங்கள், ஒதுங்கப் போகிறவள் ஓடிப்போய் ஓடி வராமலிருக்க. எட்டு மணிக்கு மேல் ஓடுகிற மிஷினுக்கு இரட்டைக் கூலியை எண்ணிக் கொடுங்கள். ஓட்டுவதா வேண்டாமா என்பதை அப்போது நீங்களே யோசிப்பீர்கள். எத்தனை கதிர், எத்தனை பீஸ் என்று தீர்மானிக்கிற மேஜையில் அவர்களில் நாலு பேருக்கு நாற்காலி போடுங்கள்.

நாற்காலி என்றதும் ஞாபகம் வருகிறது. கோழிக்கோட்டில் கடைப் பெண்கள் உட்காருவதற்காக வருஷக்கணக்கில் போராடி, 2018-இல் கேரள சர்க்கார் அதற்குச் சட்டம் செய்தது. 2021-இல் நம் சட்டசபையும் செய்தது: கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார ஆசனம் இருக்க வேண்டும், நாள் முழுக்க நிற்க வைக்கக் கூடாது. இதற்குக்கூட ஒரு சட்டம் வேண்டியிருந்தது! அடுத்த தடவை கோயமுத்தூர் ஒப்பணக்காரத் தெருவில் புடவை எடுக்கப் போகிறவர்கள், விலைச் சீட்டைப் பார்ப்பதற்கு முன்னால் கௌண்டருக்குப் பின்னால் கொஞ்சம் எட்டிப் பாருங்கள். முக்காலி இருக்கிறதா? இருந்தால், அதன் மேல் உட்கார்ந்திருப்பது அந்தப் பெண்ணா, புடவைக் கட்டா?